நிழலில் வளர்ந்த இலை

ஷில்லாங்
ஜூன் 9, 2024

அக்கா,

இல்லை, போனில் சொன்னால் போதாது. போனில் நீ சிரித்துவிடுவாய். நீ சிரித்தால் நான் கேட்க வந்ததை மறந்துவிடுவேன். சின்ன வயதிலிருந்து இப்படித்தான். வீடியோ காலும் வேண்டாம். எந்த மூலையைக் காட்ட உனக்கு விருப்பமோ அதை மட்டும் காட்டுவாய்.

எழுது. கையால். மாதம் ஒரு கடிதம். ஒவ்வொரு கடிதத்துக்குள்ளும் ஒரு இலை.

பின்பக்கத்துச் சந்தில் இருக்கும் பாத்தியிலிருந்து. கோன்ஃப்ளவர் செடியின் நடுத்தண்டில் இருக்கும் இலை. பேப்பருக்கு நடுவே வைத்து, மேலே உன் கனமான பைபிளை வைத்து, காய்ந்ததும் அனுப்பு. தண்ணீர் அதிகமாகியிருந்தால் இலையில் தெரியும். யாராவது மருந்து அடித்திருந்தாலும் தெரியும். இலைக்குப் பொய் சொல்ல வராது.

நான் உன்னைச் சந்தேகப்படுவதாக நினைக்காதே.

எழுதிவிட்டு அந்த வரியைப் பார்க்கிறேன். சந்தேகப்படுகிறேன். கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் நீ சொன்னாய்: "ரவிக்குமார் கேக்கறதுல என்னடி தப்பு? நமக்கு அந்தச் சந்து எதுக்கு? அவருக்குக் காரு உள்ள போகும். உனக்கு மட்டும் பூவு, குருவி, பூச்சி. நீயோ அங்க போயி உக்காரப் போற." ட்ரெயினில் இரண்டு இரவும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வீடு அப்பா நம் இரண்டு பேர் பெயரிலும் வைத்துவிட்டுப் போனது. என் கையெழுத்து இல்லாமல் பக்கத்து வீட்டு ரவிக்குமாருக்கு அந்தச் சந்தை விற்க முடியாது. ஆனால் விற்காமலே கொடுத்துவிட முடியும். முதலில் ஒரு கம்பம். பிறகு ஒரு ஷீட். அப்புறம் அதன் கீழே ஒரு கார். மர்பி டவுனில் எத்தனை சந்து இப்படிப் போயிருக்கிறது என்று உனக்கே தெரியும்.

அந்தச் செடிகள் எப்படி வந்தன என்றும் தெரியும். குளிரில் கிடந்தால்தான் சரியாக முளைக்கும் விதை. பெங்களூரில் அந்தக் குளிர் இல்லை. ஈர மணலில் கலந்து, டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் உன் வஞ்சிர மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் தங்கச்சி ஃப்ரிட்ஜுல மண்ணு வெச்சு சாப்புடுறா" என்று சொன்னாய். பாதி முளைத்தது. முதல் மழைக்காலத்தில் அதில் பாதி அழுகியது. மீதிதான் இப்போது இருப்பது.

அவற்றுக்கு வேண்டியது வெயில் மட்டும். மழை நாளில் தண்ணீர் ஊற்றாதே. மருந்து அடிக்காதே. காய்ந்த தலைகளை வெட்டாதே, அது குப்பை அல்ல, புள்ளிச் சில்லைக் குருவிகளின் சாப்பாடு.

இங்கே மழை. கல்லூரி விடுதியில் ஒரு அறை. வேலை பிடித்திருக்கிறது. தாவரங்களை உலர்த்தி, அட்டையில் ஒட்டி, பெயர் எழுதுகிறேன். யாரும் என்னோடு பேசுவதில்லை. அதுவும் பிடித்திருக்கிறது.

லவினா


மர்பி டவுன்
ஜூலை 4, 2024

லவி,

கடிதமாம், இலையாம். கவர் வாங்கப் போஸ்ட் ஆபீஸ் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா, "யாருக்கு மேடம், கோர்ட்டுக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

இலை உள்ளே இருக்கிறது. பைபிள் வைக்கவில்லை, உன் பழைய பாட்டனி புத்தகத்தை வைத்தேன். கர்த்தருக்கு இந்த வழக்கில் சம்பந்தம் இல்லை.

செடிகள் நன்றாக இருக்கின்றன. நம் பாத்ரூம் பின்பக்கத்துக் கோடியில் இருப்பது உனக்கு மறந்துபோயிருக்காது. குளிக்கவும் மற்றதற்கும் நாளைக்கு எத்தனை தடவை அந்தச் சந்தைத் தாண்டிப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் உன் முள்ளுத்தலைகள் என்னை முறைக்கின்றன. நானும் முறைக்கிறேன். பூத்திருக்கிறது. தேனீ வருகிறது, நீலப் பட்டை போட்டதும் ஒன்று வந்தது. போதுமா?

ரவிக்குமார் போன வாரம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"ஏன் மிஸ், காஞ்சி போன குச்சியெல்லாம் கட் பண்ணக் கூடாதா? பாக்க ஒரு மாரி இருக்குது."

"குருவி திங்கும்."

"குருவிக்கு ரேஷன் கார்டு போட்டுக் குடுத்துட்டாங்களா உங்க சிஸ்டர்?"

சிரித்தேன். சிரித்ததையும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாராவது உனக்குச் சொல்லி நீ அதை ஒரு ஒப்பந்தம் என்று நினைத்துவிடக் கூடாது.

ஸ்கூலில் கொஞ்ச நாள் லீவு சொல்லியிருக்கிறேன். முழங்கால் வலி. கவலைப்பட ஒன்றும் இல்லை. மடியில் பேடு வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மார்க் குறைக்காதே.

உனக்கு ஸ்வெட்டர் வேண்டுமா? கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் தள்ளுபடி போட்டிருக்கிறானாம். நான் போகவில்லை, கேள்விப்பட்டேன்.

பவுலின்


ஷில்லாங்
ஜூலை 22, 2024

அக்கா,

இலை வந்தது.

அகலம். மெல்லியது. விளக்குக்கு எதிரே பிடித்தால் பின்னால் இருக்கும் என் விரல் தெரிகிறது.

அதே பாத்தியில் போன டிசம்பரில் பறித்த இலை என்னிடம் இருக்கிறது. பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தேன், ஏன் என்று அப்போது தெரியவில்லை. அது சின்னது. தடித்தது. பூனை நாக்கு போலச் சொரசொரப்பு. இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒரே செடியின் இலைகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வெயில் கிடைக்காத செடி இலையை விரித்துக்கொள்ளும். கிடைக்கிற வெளிச்சத்தைப் பிடிக்க. இது என் கற்பனை இல்லை, இங்கே இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இதைத்தான் காட்டுகிறேன்.

அந்தச் சந்தில் காலையிலிருந்து மாலை வரை வெயில் விழும். அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். அப்படியானால் என் பாத்திக்கும் வெயிலுக்கும் நடுவில் இப்போது என்ன இருக்கிறது?

ஒரு கேள்விதான். பதில் ஒரு வார்த்தையில் போதும்.

இன்னொன்று. முழங்கால் வலிக்கு இவ்வளவு நாள் லீவா? காய்ச்சலோடு ஸ்கூலுக்குப் போன ஆள் நீ. நீ பகல் முழுக்க வீட்டில் இருந்தால் யாருக்கு வசதி என்று யோசிக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிறவருக்கு வசதி.

இப்படி யோசிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இலை மேஜையில் இருக்கிறது.

ஸ்வெட்டர் இருக்கிறது.

லவினா


மர்பி டவுன்
ஆகஸ்ட் 11, 2024

லவி,

ஒரு வார்த்தையில் பதில்: மேகம்.

ஜூலையில் பெங்களூரில் வெயில் எங்கே இருக்கிறது? துணி காயவில்லை. சுவரில் பாசி. உன் செடிக்கு மட்டும் தனியாகச் சூரியன் அனுப்புவார்களா? ஒரு இலையைப் பார்த்து என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறாய். நான் நாற்பது பிள்ளைகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறவள். அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

இந்த வாரம் வெயில் வந்தது. புது இலை அனுப்புகிறேன். நீயே தடவிப் பார்த்துக்கொள். பூனை நாக்கா, நாய் நாக்கா என்று எழுது.

லீவு என் லீவு. அதை யார் வசதிக்கு எடுத்தேன் என்று தங்கச்சியிடம் கணக்குச் சொல்லும் நிலைமை எனக்கு வரவில்லை.

ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி ஒன்று சமையலறை ஜன்னல்வரைக்கும் வந்தது. உனக்குச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது சொல்ல மனசில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

பவுலின்


ஷில்லாங்
ஆகஸ்ட் 30, 2024

அக்கா,

தடவிப் பார்த்தேன். சொரசொரப்பு. தடிப்பு. நல்ல வெயில் இலை.

காம்பில் சிவப்பு இல்லை.

பின்பக்கத்துப் பாத்தியில் இருப்பது எல்லாம் ஊதாப் பூ. அதன் தண்டிலும் காம்பிலும் சிவப்பு ஓடும். டிசம்பர் இலையில் இருக்கிறது. நீ முதலில் அனுப்பியதிலும், மங்கலாக, இருக்கிறது. இது சுத்தப் பச்சை. நம் வீட்டில் வெள்ளைப் பூ பூக்கிற செடி ஒன்றே ஒன்றுதான். அது மொட்டைமாடியில், பழைய பெயிண்ட் டப்பாவில்.

இலைக்குப் பொய் சொல்ல வராது என்று எழுதியிருந்தேன். நீ அதற்கும் கற்றுக்கொடுத்துவிட்டாய்.

இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். சோனியாவுக்குப் போன் செய்தேன். என்னோடு படித்தவள், தொம்மலூரில் வேலை பார்க்கிறாளே, அவள்தான். வேலைக்குப் போகும் வழியில் நம் வீட்டுக்குப் பின்னால் போகும் தெருவில் ஸ்கூட்டரை விட்டுப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"டீ லவி, சுவத்துலேர்ந்து சுவத்துக்குப் பச்சை வலை கட்டியிருக்குடி. நர்சரில கட்டுவாங்களே, அந்த மாரி. மூங்கில் நட்டு, பக்காவா. உங்க பக்கத்து வீட்டுக்காரரோட ஆளு ஏணி மேல நின்னு கயிறு இறுக்கிட்டு இருந்தான். அவரு கீழ நின்னு 'இன்னும் டைட்டு, இன்னும் டைட்டு'ன்னு சொல்லிட்டு இருந்தாரு. உங்க அக்கா கதவாண்ட. கை முழுக்க மூடி, முகத்துல துப்பட்டா சுத்தி, கண்ணு மட்டும் தெரிஞ்சுது. நான் 'அக்கா'ன்னு கூப்ட்டேன். என்னைப் பாத்தாங்க. உள்ள போயி கதவச் சாத்திட்டாங்க."

கம்பம் வந்துவிட்டது. அடுத்து ஷீட்.

நீ என்ன சொல்லப் போகிறாய் என்று யோசித்துப் பார்த்தேன். தற்காலிகம் என்பாய். அவர் நல்லவர் என்பாய். முகத்தை ஏன் மூடிக்கொண்டாய்? உன்னை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்றா? நம் வீட்டில், நம் கதவில்?

எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை மட்டும் சொல். கொடுத்துவிட்டாயா, கொடுக்கப் போகிறாயா? அதைத் தெரிந்துகொண்டால் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கலாம். தூக்கம் வரவில்லை. அந்தப் பாத்தி இல்லாவிட்டால் அந்த வீட்டில் எனக்கென்று எதுவும் இல்லை. இது உனக்குத் தெரியும் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லவினா


மர்பி டவுன்
செப்டம்பர் 14, 2024

லவினா,

உன் கடிதத்தைப் படித்து ஒரு வாரம் அலமாரியில் வைத்துவிட்டேன். எடுக்கக் கூடாது என்றுதான் வைத்தேன்.

வலை என்னுடையது. நான் வாங்கியது. மூங்கில் ரவிக்குமாருடையது, கட்டிக் கொடுத்தது அவர் ஆள். ஷீட் இல்லை. கார் இல்லை. யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை.

எனக்கு வெயில் ஆகாது.

ஏப்ரலில் நீ கிளம்பும்போது என் கன்னத்தில் சிவப்பாக இருந்தது. "என்னக்கா இவ்ளோ பவுடர்?" என்று கேட்டாய். அதை மறைக்கத்தான் பவுடர். ஸ்கூல் பிரேயரில் கிரவுண்டில் நின்றால் சாயந்திரம் கை கால் எல்லாம் வீங்கும். வயதாகிறது என்று நினைத்தேன். மே மாதம் லீவு ஸ்பெஷல் கிளாஸில் ஒரு நாள் சாக்பீஸ் பிடிக்க விரல் மடங்கவில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், மறுபடி எடுத்தார்கள். லூபஸ் என்றார்கள். பேரைக் கேட்டால் புதுசா வந்த சோப்பு மாதிரி இருக்கிறது. உடம்பே உடம்போடு சண்டை போடுமாம். உனக்கும் எனக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன், டாக்டரிடம் சொல்லவில்லை.

"பிசில்ல மட்டும் நிக்கவே நிக்காதீங்கம்மா" என்றார் டாக்டர், பாதி கன்னடத்தில். வெயில் பட்டால் நோய் ஏறுமாம். வெயிலில் நிற்காதே என்று சொல்வது சுலபம். என் பாத்ரூம் உன் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மே கடைசியில் தினமும் குடை பிடித்துக்கொண்டு குளிக்கப் போனேன். எதிர் மாடிப் பிள்ளைகள் "மிஸ், மழ வரல மிஸ்" என்று கத்தின. விரல் வீங்கிய நாளில் குடை நிற்காது, கீழே விழும். அதனால்தான் வலை. ஜூன் முதல் வாரத்தில் நானே துணிக்கொடியில் ஒன்றைத் தொங்க விட்டேன். உனக்கு வந்த முதல் இலை அதன் கீழே வந்த புது இலைதான். ஆகஸ்டில் காற்றில் அது கிழிந்தது. ரவிக்குமார் பார்த்துவிட்டு, பெரிசாக, ஒழுங்காகக் கட்டிக் கொடுத்தார். சோனியா பார்த்தது அதை.

முகத்தை மூடியதும் அதற்குத்தான். அடுத்த தடவை உளவு பார்க்க ஆள் அனுப்பினால் முன்பக்கம் வந்து பெல் அடிக்கச் சொல். காபி கொடுப்பேன்.

மொட்டைமாடி இலை பொய்தான். ஒப்புக்கொள்கிறேன். வெயில் போன பிறகு மாடி ஏறினேன். வழியில் படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போனேன். காம்பு சிவப்பாக இருக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது?

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. அப்பா படுத்தபோது நீ ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாய். யாரும் கூப்பிடவில்லை, நீயாக வந்தாய். அதற்குப் பிறகு, அப்பா போன பிறகும், நீ சமையலறையில் நின்று என்னைப் பார்ப்பாயே ஒரு பார்வை. நான் உன் படிப்பைத் தின்றுவிட்ட மாதிரி. இன்னொரு தடவை அந்தப் பார்வையை என்னால் வாங்க முடியாது. நீ அங்கேயே இரு. சந்தேகப்பட்டுக்கொண்டாவது இரு.

டாக்டரிடம் உன் பூவின் படத்தைப் போனில் காட்டினேன். "எக்கினேசியா தானே? பாருங்க, ரசிங்க. அதுல டீ கீ போட்டுக் குடிச்சிடாதீங்க, உங்க நோய்க்கு அது ஆகாது" என்றார். உன் செடிக்கு வேண்டியது எனக்கு ஆகாது. உன் செடியும் எனக்கு ஆகாது. இதைக் கேட்டு வராண்டாவில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன், நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

இலை வைக்கவில்லை. இனிமேல் வைக்க மாட்டேன்.

பவுலின்


ஷில்லாங்
செப்டம்பர் 27, 2024

அக்கா,

நம்பவில்லை. முதலில்.

மாட்டிக்கொண்டதும் நோய் வந்துவிட்டதா என்று நினைத்தேன். அதை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் நினைத்தேன்.

பிறகு உன் கடிதங்களை எடுத்தேன். இதுவரை நான் கவரைப் பிரித்ததும் இலையைத்தான் எடுப்பேன். கடிதத்தை அப்புறம் படிப்பேன், வேகமாக, பொய் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு. இந்தத் தடவை இலை இல்லை. வேறு வழியில்லாமல் எழுத்தைப் பார்த்தேன். மூன்றையும் வரிசையாக வைத்தேன்.

ஜூலையில் உன் 'ழ' வளைந்து முடிகிறது, கோணலாக, ஆனால் முடிகிறது. ஆகஸ்டில் பாதியில் நிற்கிறது. செப்டம்பரில் அது ஒரு கோடு. போர்டில் அவ்வளவு அழகாக எழுதுகிறவள் நீ. வரிகள் கீழே இறங்கிப் போகின்றன. கடைசிப் பக்கத்தில் பேனாவை எத்தனை இடத்தில் எடுத்து வைத்திருக்கிறாய் என்று பார்த்தேன்.

அப்போதுதான் நம்பினேன். உன்னை நம்பவில்லை, உன் எழுத்தை நம்பினேன். நான் இப்படித்தான் இருக்கிறேன். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வலையை எடுக்காதே. செடிகள் போனால் போகட்டும். இந்த வாக்கியத்துக்கு முன்னால் வெகுநேரம் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். ஆனால் எழுதிவிட்டேன்.

வரட்டுமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் வேண்டாம் என்பாய். நீ வா என்று எழுதினால் வருவேன். வந்தால் எப்படிப் பார்ப்பேன் என்று உறுதி சொல்ல முடியாது. அந்தப் பார்வை எனக்குத் தெரியாமல் வந்திருக்கிறது. அப்படி ஒன்று இருந்தது என்பதே உன் கடிதத்தில்தான் தெரிந்தது.

ஒன்று பாக்கி. கேட்காமல் இருக்கத்தான் பார்த்தேன். ரவிக்குமார் ஏன் சும்மா மூங்கில் கொடுத்தார்? தன் ஆளை ஏன் அனுப்பினார்? வருஷக்கணக்காக அந்தச் சந்தைக் கேட்கிறவர். அதில் கம்பம் நட நீயே கூப்பிட்டதும் அவர் ஒன்றும் கேட்கவில்லையா?

கோபப்படுவாய். படு. பதில் மட்டும் எழுது. விரல் வலித்தால் ஒரு வரி போதும்.

லவினா


மர்பி டவுன்
அக்டோபர் 13, 2024
ஞாயிறு

லவி,

இதை நான் சொல்லச் சொல்ல சோனியா எழுதுகிறாள். பயப்படாதே, விரல் போய்விடவில்லை. பூசைக்குப் போய்விட்டு வந்தேன், இன்றைக்கு வீக்கம். அவள் எழுத்து அழகாக இருக்கிறது, அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது உன்னால்.

(அக்கா சொன்னதை அப்படியே எழுதறேன்டி. சோனியா.)

நீ அனுப்பிய உளவாளி பெல் அடித்துத்தான் வந்தாள். காபி குடித்தாள். "சாரிக்கா, லவி கேட்டான்னு வந்தேன்" என்று அழுதாள். அழுதால் என்ன செய்வது, தோசை சுட்டேன். போன வாரமும் வந்தாள். பின் தெருக் கதவின் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன். உனக்குத் தோட்டத்தின் மேல் ஒரு கண் வேண்டும். அந்தக் கண் களையும் பிடுங்கட்டும்.

வலை. செடிகளை அதன் கீழே நான் தினமும் பார்க்கிறேன். நீ பார்க்கவில்லை. தண்டு ஒல்லியாகி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இலையில் மாவு பூசின மாதிரி வெள்ளை. குருவி ஒன்றும் வரவில்லை, வலைக்கு மேலே வந்து உட்கார்ந்து கீழே பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. போனால் போகட்டும் என்று நீ எழுதினாய். எழுதிவிட்டு என்ன ஆகியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நானும் சோனியாவும் வலையை இறக்கினோம். பாதையின் அகலத்துக்கு வெட்டி, பாதைக்கு மேலே மட்டும், என் தலைக்கு ஒரு சாண் மேலே, குகை மாதிரி கட்டியிருக்கிறோம். பாத்தி வெளியே இருக்கிறது. வெயில் விழுகிறது. எனக்கு உள்ளே நிழல். நீ என்னைவிட உயரம், வந்தால் குனிந்துதான் பாத்ரூமுக்குப் போக வேண்டும்.

வா என்று எழுதவில்லை. வந்தால் என்று எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. டிசம்பரில் உனக்கு லீவு உண்டா என்று சோனியா கேட்கச் சொல்கிறாள்.

இப்போது நீ கேட்ட கேள்வி. சோனியாவை ரொட்டி வாங்க அனுப்பிவிட்டு இதை மட்டும் நானே எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துக்கொள்.

கேட்டார். மூங்கில் நட்ட அன்றே கேட்டார்.

"மிஸ், உடம்பு சரியில்லாத ஆளு, இந்த ஜாகாவ வெச்சிக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க? என்கிட்ட விடுங்க. உள்ளயே ஒரு பாத்ரூம் கட்டிக் குடுத்துடறேன். வெளிய வரவே வேணாம் நீங்க. உங்க சிஸ்டருக்கு நான் பேசறேன்."

வீட்டுக்குள்ளேயே பாத்ரூம். லவி, அதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குப் புரியாது. ராத்திரியில் கால் பிடித்துக்கொண்டு எழுந்து நடக்கிறவளுக்குத்தான் புரியும். முடியாது என்று நான் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னேன். மறுபடி மறுபடி கேட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று சொன்னேன். உன்னிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவது என்றுகூட யோசித்தேன். நோய் என்று எழுதினால் போட்டுவிடுவாய் என்று தெரியும். அதனால்தான் போன கடிதத்தில் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை என்று எழுதினேன். கொடுக்க மாட்டேன் என்று எழுதவில்லை. நீ அதைக் கவனிக்கவில்லை. இலை இருந்திருந்தால் கவனித்திருப்பாய்.

ஆகவே உன் சந்தேகம் முழுசாகத் தப்பில்லை. சந்தோஷமா?

செடிகள் போகட்டும் என்று நீ எழுதின பிறகு என்னால் அவரிடம் சரி என்று சொல்ல முடியவில்லை. ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. நீ பிடித்து இழுத்தால் நானும் இழுத்திருப்பேன். நீ விட்டுவிட்டாய்.

இன்றைக்குத்தான் அந்த ஞாயிறு. வெயில் இன்னும் இருக்கிறது. கவரை ஒட்டவில்லை.

மாலை.

வெயில் இறங்கியதும் போனேன். ரவிக்குமாரும் அவர் மனைவியும் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தைக் கொடுப்பதாக இல்லை என்று சொன்னேன். அவர் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "அப்போ அந்த மூங்கில் மட்டும் திரும்பக் குடுத்துடுங்க மிஸ்" என்றார். நாளைக்குக் காலையில் ஆளை அனுப்பச் சொன்னேன். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், மூங்கில் விற்கும் பேம்பூ பஜார் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சோனியாவிடம் கேட்டேன்.

பவுலின்